சதுர கஜம் 3.95 டாலர்: ரோஸ் பிளம்கினின் கடை வாழ்க்கை

12 அடிக்கு 15 அடி அளவுள்ள ஒரு கூடம் முழுவதற்கும் தரைவிரிப்பு போட 20 சதுர கஜம் வேண்டும். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள ஒமாகா நகரின் பெரிய கடைகள் மோஹாக் ஆலையின் விரிப்பைச் சதுர கஜம் 7.95 டாலருக்கு விற்றன. அந்தக் கூடத்துக்கு 159 டாலர் ஆகும். அதே ஆலை, அதே நெசவு, அதே ஊர். ஆனால் ரோஸ் பிளம்கினின் கடையில் சதுர கஜம் 3.95 டாலர்தான் என்பதால் 79 டாலரில் வேலை முடிந்துவிடும். வாங்குகிறவர் மடியில் மிஞ்சிய அந்த 80 டாலர்தான் குற்றமாகச் சொல்லப்பட்டு, அவர் நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

ரோஸ் பிளம்கின் 1893 டிசம்பர் 3-ஆம் நாள் பிறந்து, 1998 ஆகஸ்டில் 104 வயதில் இறந்தவர். ஒமாகாவில் அவரை 'மிசஸ் பி' என்றே அழைத்தார்கள். முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைப் பற்றிய கதைகளில் சுவையான துணைப்பாத்திரமாக அவர் தலைகாட்டுவதும், ஏழ்மையிலிருந்து செல்வத்துக்கு ஏறிய பாட்டியாக அவரை நினைவுகூர்வதும் வழக்கமாகிவிட்டது. அந்த நினைவு அவருக்குப் போதாது என்பது என் எண்ணம். பள்ளிக்கூடமே போகாத, ஆங்கிலம் எழுதவோ வாசிக்கவோ கற்காத ஒரு பெண், கட்டிலும் நாற்காலியும் விரிப்பும் விற்கும் தொழிலில் ஒரு விலைக் கணக்கைக் கண்டுபிடித்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அதைக் கைவிடாமல் நடத்திக் காட்டினார். அவர் வாழ்க்கையை அந்தக் கணக்கின் வழியாகப் படிப்பதே இந்த நிகழ்வு ஆய்வின் நோக்கம்.

ஒமாகாவைச் சிற்றூர் என்று சொல்லிவிட முடியாது. 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 2,23,844 பேர் இருந்தார்கள். ஆயினும் அறைகலன் வணிகத்தில் அது ஓரத்து ஊர்தான். மொத்த வியாபாரத்தின் தலைமையிடம் சிகாகோ. அங்கிருந்து எந்தக் கடைக்குச் சரக்கு வரும், எந்தக் கடைக்கு வராது என்பதைத் தீர்மானிக்கும் செல்வாக்கு ஒமாகாவின் சில பழைய கடைகளிடம் இருந்தது. புதிதாக வந்த ஒருவர் அந்த வட்டத்துக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது விளங்கும்.

ஷ்செட்ரினிலிருந்து

அவர் பிறந்தது மின்ஸ்க் நகருக்கு அப்பாலுள்ள ஷ்செட்ரின் என்ற யூதக் குடியிருப்பில். அன்று அது ரஷ்யப் பேரரசின் பகுதி, இன்று பெலாரஸ். தந்தை சமயக் குரு. நாளெல்லாம் வழிபாட்டிலும் படிப்பிலும் இருந்தவர். எட்டுப் பிள்ளைகளையும் காப்பாற்றியது தாய் நடத்திய சிறு மளிகைக் கடை. படுக்கை, தரையில் பரப்பிய வைக்கோல் பாய். இரவில் தாய் ரொட்டி சுடுவதற்காக எழுந்து வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த சிறுமி, தான் பெரியவளானால் அம்மா இப்படி உழைக்க விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். யூதர்கள் மீது நடந்த கலவரங்களும் அந்தப் பிள்ளைப் பருவ நினைவுகளில் இருந்தன.

13 வயதில் வேலை தேடிக் கிளம்பினார். புதுச் செருப்பின் அடி தேய்ந்துவிடக் கூடாதென்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு 18 மைல் நடந்து ரயில் நிலையத்தை அடைந்தார். போய்ச் சேர்ந்த ஊரில் கடை கடையாக ஏறி இறங்கி, அவர் சொன்ன கணக்கின்படி 26-ஆவது கடையில் இடம் கிடைத்தது. 16 வயதில் அந்தக் கடைக்கே மேலாளர். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் ஆறு பேர், அத்தனை பேரும் திருமணமான ஆண்கள். சாதனைக் கதை என்று இதைக் கடந்துவிடலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அமெரிக்கா போவதற்கு முன்பே அவருக்குக் கடைத்தொழில் முழுவதும் கைவந்திருந்தது என்பதுதான். ஒமாகாவில் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது மொழியும் நாணயமும் மட்டுமே.

இருபது வயதில் செருப்பு விற்பனையாளரான இசடோர் பிளம்கினை மணந்தார். போர் மூண்டது, படைக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்பக் கணவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஒருவருக்குத்தான் கப்பல் கூலி இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ரோஸ் தனியாகக் கிளம்பினார், அதுவும் மேற்கு நோக்கி அல்ல. சைபீரியா ரயிலேறிக் கிழக்கு நோக்கி. கடவுச்சீட்டு இல்லை. சீன எல்லையில் காவலர் மறித்தபோது, ராணுவத்துக்குத் தோல் வாங்கப் போகிறேன், திரும்பி வரும்போது உனக்கு ஒரு பெரிய புட்டி வோட்கா கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் கடந்துவிட்டார். பிறகு ஜப்பான், அங்கிருந்து வேர்க்கடலை ஏற்றிச் சென்ற சரக்குக் கப்பலில் வாரக்கணக்கான பயணம், 1917-ல் சியாட்டில் துறைமுகம். முதலில் அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டாட்ஜ். அங்கே பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லாமல் தவித்து, தம் மொழி பேசும் யூதர்கள் மிகுந்த ஒமாகாவுக்கு 1919-ல் குடிபெயர்ந்தார்கள். பணம் சேரச் சேரப் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் வரவழைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஷ்செட்ரினின் யூதர்களை நாஜிகள் கொன்றழித்தார்கள் என்பதை நினைத்தால், அந்தக் கப்பல் கூலிகளின் பொருள் வேறாகிவிடுகிறது.

ஆங்கிலம் அவருக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். மூத்த மகள் பகலில் பள்ளியில் கற்ற சொற்களை மாலையில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பாடம் பேச்சோடு நின்றது, எழுத்துக்கு வரவில்லை.

நிலவறைக் கடை

கணவர் ஒமாகாவில் பழைய துணிக் கடையும் அடகுக் கடையும் நடத்தினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்து கடை படுத்தபோது, ரோஸ் அதைத் தம் கையில் எடுத்துக்கொண்டு 10,000 துண்டறிக்கைகளை அடித்து ஊரெங்கும் விநியோகித்தார். தலை முதல் கால் வரை ஓர் ஆணுக்கு வேண்டிய அத்தனை உடுப்பும் 5 டாலர் என்பது அதிலிருந்த செய்தி. ஒரே நாளில் 800 டாலர் கல்லாவில் விழுந்தது. விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்பதை எல்லாரும் அறிவார்கள். எவ்வளவு குறைத்தும் பிழைக்க முடியும் என்பதை அறிந்தவர்கள் சிலரே. அந்த எல்லையை அவர் முதலில் தொட்டுப் பார்த்தது இங்கேதான்.

1937 பிப்ரவரியில், 43 வயதில், 500 டாலர் முதல் போட்டு ஃபார்னம் தெருவில் ஒரு நிலவறையில் அறைகலன் கடை திறந்தார். சிகாகோவில் பார்த்த 'அமெரிக்கன் ஃபர்னிச்சர் மார்ட்' என்ற மொத்த விற்பனை மாளிகையை மனத்தில் வைத்து, அந்த நிலவறைக்கு 'நெப்ராஸ்கா ஃபர்னிச்சர் மார்ட்' என்று பெயரிட்டார். மலிவாக விற்க வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இரண்டு கட்டளை.

அறைகலன் வணிகத்தில் 'உண்மையைச் சொல்' என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. அரிசி விலை வாங்குகிறவருக்குத் தெரியும், ஏனென்றால் அதை மாதந்தோறும் வாங்குகிறார். கட்டிலையும் சோபாவையும் வாழ்நாளில் மூன்று நான்கு முறைதான் வாங்குகிறார்; உறைக்குள் என்ன மரம், என்ன பஞ்சு என்பது கண்ணுக்குத் தெரியாது; சரியான விலை எது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இந்த அறியாமையின் மேல்தான் இத்தொழிலின் பெரிய லாபம் எங்கும் கட்டப்பட்டிருக்கிறது. இரு மடங்கு விலை சொல்லி, பாதித் தள்ளுபடி என்று எழுதிப் போடுவதும் அதன் ஒரு வகைதான். மிசஸ் பி கடையில் அந்த விளையாட்டு இல்லை.

அவர் கடை திறந்த அதே 1937-ல், ஆகஸ்டு மாதம், 'மில்லர்-டைடிங்ஸ்' சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தம் பொருளைக் கடைக்காரர் இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று உற்பத்தியாளர் கட்டுப்படுத்துவதை மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். மந்தத்தில் திணறிய சிறு கடைகளைப் பெருங்கடைகளின் விலைக் குறைப்பிலிருந்து காப்பதற்கென்று வந்த ஏற்பாடு அது. மாநிலங்களின் அத்தகைய சட்டங்களுக்கு 'நியாய வணிகச் சட்டங்கள்' என்று பெயர். ஒமாகாவில் அது தலைகீழாகப் பயன்பட்டது. அந்தச் சட்டம் ஒரு நிலவறைக் கடைக்கு எதிராகத் தூக்கப்பட்டது.

முதலில் சரக்கை நிறுத்தினார்கள். இந்தப் பெண்ணுக்கு விற்றால் எங்களிடம் விற்க முடியாது என்று ஊரின் பழைய கடைகள் ஆலைகளை மிரட்ட, ஆலைகள் கையை விரித்தன. அவர் வெளியூர்களுக்குப் போனார். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு கடையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேண்டும் என்று சொல்லி, மோஹாக் விரிப்பை 3,000 கஜம், கஜம் 3 டாலர் வீதம் வாங்கிவந்தார். அதைத்தான் 3.95-க்கு விற்றார். உண்மையைச் சொல் என்றவர் கொள்முதலில் ஒரு பொய் சொன்னார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லைக் காவலரிடம் சொன்னதும் அப்படிப்பட்டதே. வாங்க வருகிறவரிடம் மட்டும் அவர் பொய் சொன்னதில்லை.

தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை கையிருப்பு அடியோடு தீர்ந்துபோய், சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. அவர் தம் வீட்டிலிருந்த அறைகலன்களையும் மின்சாதனங்களையும் தூக்கிவந்து விற்று, சொன்ன நாளில் சொன்ன தொகையைக் கட்டினார். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் உட்கார நாற்காலி இல்லாத கூடத்தைப் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கணக்கு

நியாய வணிகச் சட்டத்தை மீறி மலிவாக விற்றார் என்று வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் அவர் தந்த விளக்கம், எல்லாவற்றையும் அடக்க விலைக்கு மேல் 10 விழுக்காடு வைத்து விற்கிறேன், அதில் என்ன தவறு என்பதாகவே வழங்கிவருகிறது. நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதோடு நில்லாமல், அவர் கடையிலிருந்து 1,400 டாலருக்கு விரிப்பும் வாங்கினார். ஊர் முழுவதும் அதைப் பேசியது. எந்த விளம்பரமும் செய்ய முடியாத வேலையை அவர் மீது தொடுத்த வழக்கு செய்துகொடுத்தது.

ஆனால் அந்த 10 விழுக்காட்டை அப்படியே ஏற்க முடியாது. அடக்கம் 3 டாலர், விற்பனை 3.95 டாலர் என்றால், 95 சென்ட் இடைவெளி இருக்கிறது. அடக்கத்தின் மேல் அது ஏறத்தாழ 32 விழுக்காடு; விற்பனை விலையில் பார்த்தால் 24 விழுக்காடு. சிகாகோவிலிருந்து ஒமாகாவுக்குச் சரக்கு வந்த கூலி, வெட்டும்போது வீணாகும் துண்டு, கடை வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் இந்த 95 சென்டிலிருந்தே போக வேண்டும். எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் பத்து என்று வாய்க்கணக்காகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும் வாய்மொழியைக் காட்டிலும் விலைச்சீட்டையே நான் சான்றாகக் கொள்கிறேன். அதே விரிப்பை 7.95-க்கு விற்ற கடைகளுக்கு அடக்கம் அவருடையதைவிடக் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அவர் இடையில் ஒரு கடையிடம் வாங்கியவர், அவர்கள் நேரே ஆலையிடம் வாங்கியவர்கள். ஆக, அவர்கள் எடுத்தது விற்பனை விலையில் 62 விழுக்காட்டுக்குக் குறையாது.

இந்த 24 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாண்டி 1984-க்கு வரலாம். அதற்கு முந்தைய ஆண்டு இந்தக் கடையின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியிருந்த பஃபெட், 1984-க்காகத் தம் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், இதை நாடெங்கும் கிளைகள் கொண்ட லெவிட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பிட்டார். லெவிட்ஸில் வாங்குகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் பொருளின் அடக்கம் 55.60 டாலர், கடை எடுப்பது 44.40 டாலர். மிசஸ் பி கடை எடுத்தது அதில் பாதிக்குச் சற்றே அதிகம். பாதி என்றால் 22.20. ஒரே ஒரு விரிப்பின் விலையை வைத்து ஒரு முழுக் கடையை அளப்பது சரியல்லதான். ஆனாலும், சின்னக் கடையில் ஒரு நீதிபதிக்கு முன் நியாயப்படுத்தப்பட்ட விகிதமும், அமெரிக்காவிலேயே அறைகலனில் மிக அதிகம் விற்கும் ஒற்றைக் கடையாக அது வளர்ந்த பின் இருந்த விகிதமும் இத்தனை நெருக்கமாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. போட்டியாளர்களை அடித்து வீழ்த்தும்வரை மலிவாக விற்று, பின்பு விலையை ஏற்றுவதே வணிகத்தில் பழகிய பாதை. அவர் ஊரை வென்ற பிறகும் விலையை ஏற்றவில்லை.

அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கும் அதே கடிதத்தில் விடை இருக்கிறது. சம்பளம், இடம், விளம்பரம் முதலிய நடைமுறைச் செலவு லெவிட்ஸில் விற்பனையில் 35.6 விழுக்காடு, ஒமாகாவில் 16.5 விழுக்காடு. கடனில்லை, ஆகவே வட்டியில்லை. ரொக்கத்துக்கு மொத்தமாக வாங்கினார், ஆகவே அடக்கமும் குறைந்தது. அந்த ஆண்டின் விற்பனை 11.5 கோடி டாலர். வழக்கமான லாபம் வைக்கும் கடைகளில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவோடு ஒப்பிட, வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 3 கோடி டாலர் மிச்சமாயிற்று என்பது பஃபெட்டின் மதிப்பீடு. லெவிட்ஸ் 1997-ல் திவாலுக்கு மனுச் செய்து, மீண்டும் எழுந்து விழுந்து, 2008-ல் கடைகளை மூடியது. அந்த விலைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கு இடமளித்த ஏற்பாட்டை அமெரிக்க நாடாளுமன்றமே 1975-ல் நீக்கிவிட்டது.

கடனில்லாத நிலை ஒரு நெருக்கடியில் பிறந்தது. 1950-ல் கொரியப் போர் தொடங்கி விற்பனை படுத்துவிட, சரக்குக்காரர்களின் கணக்கைத் தீர்க்க வழியில்லாமல் நின்றார். ஒரு வங்கி அதிகாரி 90 நாள் தவணையில் 50,000 டாலர் கொடுத்தார். தவணை தவறினால் என்ன ஆகும் என்ற பயத்தில் தூக்கமில்லாமல், நகர மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சரக்கையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் குவித்து, மூன்று நாளில் 2,50,000 டாலருக்கு விற்றார். கடன் அடைந்தது. அதன் பிறகு யாரிடமும் கடன் வாங்கவில்லை என்று சொல்லிவந்தார். இசடோர் மறைந்ததும் அந்த 1950-ல்தான். 1975 மே 6-ஆம் நாள் ஒமாகாவைத் தாக்கிய சூறாவளி 72-ஆம் தெருவிலிருந்த பெரிய கடையைச் சிதைத்தபோது, எஞ்சிய கடையை வைத்து வியாபாரம் தொடர்ந்தது. இடிந்தது மீண்டும் எழுந்தது.

1983 ஆகஸ்டு 30, தம் பிறந்தநாளன்று, பஃபெட் கடைக்கு வந்து விலை பேசினார். ஏறத்தாழ 5.5 கோடி டாலருக்குப் பெரும்பான்மைப் பங்கு கைமாறியது. ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்குச் சற்றே அதிகம். தணிக்கை நடக்கவில்லை, சரக்கிருப்பை எண்ணவில்லை. வாக்கு நாணயத்தை நம்பி இவ்வளவு பெரிய தொகை கைமாறுவது அரிது. வீட்டு நாற்காலியை விற்றுக் கடன் கட்டியவரிடம் அது பொருந்தியது.

1989

மிசஸ் பி-யோடு வேலை செய்வது எளிதல்ல. வாரம் ஏழு நாளும் கடையில் இருப்பார். தம்மைப் போல மற்றவர்களும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஆட்களை எல்லார் முன்னிலையிலும் ஏசுவார், வேலையை விட்டு அனுப்பிவிடுவார். அமைதியான சுபாவமுள்ள மகன் லூயி அவர்களைச் சமாதானப்படுத்தித் திரும்பச் சேர்த்துக்கொள்வார். நடக்க முடியாதபோது மின்வண்டியில் அமர்ந்து, விரிப்புச் சுருள்களுக்கிடையே விரைந்து வருவார். அவருக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு, காரில் ஊரைச் சுற்றி மற்றக் கடைகளின் சன்னலைப் பார்ப்பது.

1989 மே மாதத்தில், விரிப்புப் பகுதியை நடத்துவதில் இரண்டு பேரன்களோடு ஏற்பட்ட மனத்தாங்கலில், 95 வயதில், தாம் தொடங்கிய கடையிலிருந்தே கோபித்துக்கொண்டு வெளியேறினார். சில மாதங்களில் அதே தெருவில், எதிர்ப்புறத்தில், தம் பெயரிலேயே புதுக் கடை திறந்தார். பழைய கடையோடு நேருக்கு நேர் போட்டி. இரண்டு ஆண்டுகளில் அது லாபம் காட்டியது.

இதை வீரச் செயலாகக் கொண்டாடுவோர் உண்டு. என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. கடை என்பது ஆட்களும் குடும்பமும் சேர்ந்து நடத்தும் ஒன்று; அதைத் தம் உடம்பின் உறுப்பாகவே எண்ணிய ஒருவர், அது பிறர் கையில் இயங்குவதைக் கண்டு அடைந்த வலி அந்தப் புதுக் கடையில் தெரிகிறது. பேரன்கள் செய்தது தவறென்று சொல்லவும் ஆதாரமில்லை. ஒரு நிறுவனம் ஒரு கட்டத்தில் அடுத்தவர் கைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தாம் அளவுக்கு மீறிக் கடுமை காட்டியிருக்கலாம் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். 1992-ல் புதுக் கடையைப் பழைய கடைக்கே விற்றுவிட்டுத் திரும்பினார். 1983-ல் 89 வயதானவரிடம், போட்டிக் கடை வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கத் தோன்றாத பஃபெட், 99-ஐ நெருங்கியவரிடம் இம்முறை அதை எழுதி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகும் விரிப்புப் பகுதியில் மின்வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இடிக்கப்படவிருந்த ஒரு பழைய திரையரங்கைத் தம் பணத்தில் காப்பாற்றியிருந்தார்; 1995 முதல் அது அவர் பெயர் தாங்கிய நாடக அரங்கமாக, குழந்தைகளுக்கான நாடகங்களோடு இயங்கிவருகிறது. கடை அவருக்குப் பின் கன்சாஸ் நகருக்கும் டெக்சாஸுக்கும் கிளை பரப்பியது.

அவர் வீட்டுக்குப் போனவர்கள் கண்டு சொன்னது ஒன்று உண்டு. சோபாக்களின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. விளக்குகளில் விலைச்சீட்டு தொங்கியது. கடையில் இருப்பது போலவே இருக்கட்டும் என்று அவர் அதை அவிழ்க்கவில்லை.